வாசலோடு நின்றுவிடும் சங்கம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. தினமணிக்கும் நியூ இந்தியன் எக்ஸ்பிரஸுக்கும் இன்று அங்கேதான் அலுவலகம். அங்கே வருவதற்கு முன் அவற்றின் எக்ஸ்பிரஸ் குழுமம் இருந்தது சென்னை மவுண்ட் ரோட்டில். மவுண்ட் ரோட்டில்தான் 1959 ஏப்ரலில் அச்சகத் தொழிலாளர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆந்திர பிரபா என்ற தெலுங்கு நாளிதழையும் அதன் வார இதழையும் விஜயவாடாவிலுள்ள தனிக் கம்பெனிக்கு மாற்றக் குழுமத்தின் உரிமையாளர் ராம்நாத் கோயங்கா எடுத்த முடிவுதான் தகராறின் மையம். வேலைநிறுத்தம் தொடங்கியதும் நிர்வாகம் சென்னையில் பத்திரிகை வெளியிடுவதையே நிறுத்தியது. தொழிலை மூடிவிட்டோம் என்றது நிர்வாகம். இது கதவடைப்பு என்றது தொழிலாளர் தரப்பு. வெறும் சொற்போர் இல்லை இது. கதவடைப்பு என்றால் அதைத் தொழில் தீர்ப்பாயம் விசாரிக்கலாம். உண்மையாகவே மூடியதென்றால், மூடியது சரியா என்று கேட்கும் அதிகாரம் அன்று தீர்ப்பாயத்துக்கு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மூடலா, கதவடைப்பா என்பதைத் தீர்ப்பாயமே முதலில் பார்க்கட்டும் என்று அந்த நீதிமன்றம் 1962-ல் சொன்னபோது மூன்று வருடம் ஓடியிருந்தது. சம்பளமில்லாத குடும்பத்துக்கு மூன்று வருடம் எவ்வளவு நீளம் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுத முடியாது. தமிழ்நாட்டின் சங்க நடைமுறைக்கு இருக்கும் பெரிய பலமும் பெரிய ஓட்டையும் இந்த ஒரே வழக்கில் தெரிகின்றன. ஒரு வளாகத்தில் வேலை செய்பவர்கள் ஒன்றாக நின்றால் நிர்வாகத்தால் அலட்சியப்படுத்த முடியாது. அதே நிர்வாகம் வேலையை அந்த வளாகத்தை விட்டு நகர்த்திவிட்டால், சங்கம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பலத்தை முதலில் பார்ப்போம். நாளிதழைப் போல வேலைநிறுத்தத்துக்கு அஞ்ச வேண்டிய சரக்கு வேறு குறைவு. டயரைக் கிடங்கில் அடுக்கி வைத்து அடுத்த மாதம் விற்கலாம். நள்ளிரவில் அச்சாக வேண்டிய பக்கம் விடிந்ததும் செத்துவிடும். அன்றைய அச்சகத்தில் எழுத்தைக் கையால் கோர்ப்பவர் பக்கத்தை முடித்தால்தான் தகடு, தகடு ஏறினால்தான் ரோட்டரி, ரோட்டரி ஓடினால்தான் வெளியூர்க் கட்டு கடைசி ரயிலைப் பிடிக்கும். இந்தச் சங்கிலியில் யார் கை எடுத்தாலும் மறுநாள் பத்திரிகை இல்லை. ஆசிரியர் குழுவும் அச்சுக்கூடமும் ஒரே சங்க உணர்வில் நின்றதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் அந்த உறவுக்கு வயது அதிகம். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் முன்வரிசையில் நின்ற திரு.வி.க., அப்போது தேசபக்தன் நாளிதழின் ஆசிரியர். 1955-ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்ததும், ஊதியக் குழுக்கள் அமைந்ததும் அந்த ஒற்றுமை ஈட்டியவை.

ஓட்டை எங்கே? ஒரே குழுமத்தில் ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, வார இதழ், பல ஊர்ப் பதிப்பு என்று விரியும்போது, ஒரு கிளையின் நிறுத்தத்தை மறு கிளை தாங்கிவிடும். 1959-ல் அதற்கு இயந்திரத்தையும் ஆட்களையும் ரயிலேற்ற வேண்டியிருந்தது. இன்று பக்கம் முழுவதும் கோப்பாக நொடியில் வேறு ஊர் அச்சகத்துக்குப் போகிறது. வேலையை ஊர் மாற்றுவதைவிடச் சத்தமில்லாத வழி, வேலைக்காரரின் பெயரை மாற்றுவது: நிருபர் ஒப்பந்தத்தில், அச்சக உதவியாளர் ஏஜென்சி கணக்கில். பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011 நவம்பரில் அரசாணையாகி, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் 20(ஜே) பிரிவு, பழைய சம்பளமே போதும் என்று ஊழியர் எழுதிக் கொடுக்க இடம் வைத்தது. நாட்டின் பல பத்திரிகை அலுவலகங்களில் ஊழியர் முன் வந்த அந்த ஒற்றைத் தாளைச் சங்கத்தால் தடுக்க முடியவில்லை. பரிந்துரைத்த ஊதியத்துக்குக் குறைவாகக் கொடுக்க அந்தப் பிரிவு உதவாது, ஒப்பந்த ஊழியருக்கும் அந்த ஊதியம் உண்டு என்று 2017 ஜூனில் நீதிமன்றம் சொன்னது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வழக்குக்குப் போகும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

வேலைக்காரரின் பெயரை மாற்றும் இந்த வழி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் பொருந்தும். அங்கே உருட்டாலையில் அனல் பக்கம் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. நிரந்தரத் தொழிலாளியின் சங்கம் போனஸ் பேசும் மேசையில் இவர்களுக்கு நாற்காலி கிடையாது. நாளைக்கு வேலையை மொத்தமாக ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்க நிர்வாகத்துக்கு வழி விடுவது இந்தப் பிளவுதான். இதில் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுச் சங்கங்கள் தப்பிக்க முடியாது.

சங்கம் வந்தால் ஆலை ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவிலுள்ள தடாவுக்கோ ஸ்ரீசிட்டிக்கோ போய்விடும் என்பது இந்த வட்டாரத்தில் நாள்தோறும் கேட்கும் வாதம். கிலோமீட்டர் கணக்கில் எல்லை பக்கத்தில் இருப்பது உண்மை, பயமும் உண்மை. ஆனால் நிலம், வரிச் சலுகை, துறைமுகம் எல்லாம் பார்த்துத்தான் ஆலை இடம் தேடுகிறது. 2024 செப்டம்பரில் தொடங்கி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் வரக்கூடாது என்று நிர்வாகம் எதிர்த்தது. உயர் நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஆலை எங்கும் போய்விடவில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் பத்திரிகைச் சுதந்திரம் பற்றியது. 1959-ல் தொழிலாளர்களை எதிர்த்து நின்ற அதே கோயங்காதான் நெருக்கடி நிலையில் அரசை எதிர்த்து நின்றார். 1975 ஜூன் 28-ம் தேதி எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெற்றாக விட்டது. 1987-ல் டெல்லி எக்ஸ்பிரஸில் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் ஆளுங்கட்சியின் கை இருந்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சங்கத்தை வெளியாட்கள் ஆட்டிவைக்க முடியுமானால், அரசை விமர்சிக்கும் பத்திரிகைக்கு அது ஆபத்துதான், மறுக்க மாட்டேன். இங்கே சங்கங்கள் கட்சிக் கொடிவாரியாகப் பிரிந்து கிடப்பது அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. ஆனாலும் ஊதியச் சட்டமே பேச்சுரிமையை நசுக்குகிறது என்ற எக்ஸ்பிரஸின் வாதத்தை 1958-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்திரிகையின் பணம் கொடுக்கும் சக்தியைப் பார்க்காததால் ஊதியக் குழுவின் முடிவை ரத்து செய்தது. வெளிக் கை நுழைவதைத் தடுக்க வழி, உறுப்பினர்களின் ரகசிய வாக்கெடுப்பு. சங்கத்தையே இல்லாமல் செய்வதால் பத்திரிகைக்குக் கூடுதல் துணிச்சல் வந்துவிடாது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத நிருபர் அமைச்சரைக் குடைந்து கேள்வி கேட்க மாட்டார்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த மத்தியத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 51 சதவீதம் பேரின் ஆதரவுள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. சங்கத்தை அங்கீகரிக்கச் சட்டமே இல்லாதிருந்த தமிழ்நாட்டுக்கு இது முன்னேற்றம்தான். ஆனால் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. ஓர் இரவில் செத்துவிடும் சரக்கு என்பதில்தான் நாளிதழ்த் தொழிலாளியின் பலமே இருந்தது. 14 நாள் கிடைத்தால் நிர்வாகம் பக்கங்களை வேறு ஊருக்கு நிதானமாக அனுப்பிவிடும். 1955-ன் பத்திரிகையாளர் சட்டம் நீங்கியதோடு ஊதியக் குழுவும் போனது. மின்னணு ஊடகத்தில் இருப்பவரும் பத்திரிகையாளர் என்ற வரையறை மட்டும் லாபம். அந்த 51 சதவீதத்தை எந்த ஏட்டைப் பார்த்து எண்ணுவது? நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து. ஏஜென்சி கணக்கில் இருக்கும் அச்சக உதவியாளரும், ஒப்பந்தக்காரரின் வேனில் வந்து இறங்கும் உருட்டாலைத் தொழிலாளியும் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள்.