அடி தெரியாத பெட்டிக்கு ஆறு வரி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளின் மொத்த அளவைக் கூட்டிச் சொல்ல நிரல் எழுதச் சொன்னார்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருந்தது. லூப்புக்குள் லூப் போட்டேன். அதற்குள்ளும் ஒன்று இருந்தது. மூன்றாவது லூப் போட்டேன். மூன்று அடுக்குக்கு மேல் யார் போகப் போகிறார்கள் என்று தைரியமாகக் கொடுத்துவிட்டேன். மறுவாரமே யாரோ நான்காவது அடுக்கில் ஒரு ஃபோல்டர் திறந்து, இருந்த பெரிய வீடியோக்களையெல்லாம் அதில் கொண்டுபோய்ப் போட்டார்கள். என் நிரலின் கண்ணில் அவை படவே இல்லை.

பக்கத்து இருக்கை அண்ணன் என் அறுபது வரிகளையும் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரு தாளை இழுத்து ஆறு வரி எழுதினார். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

அளவு(பொருள்):
    பொருள் கோப்பு என்றால், அதன் அளவைத் திருப்பிக் கொடு
    மொத்தம் = 0
    பொருளுக்குள் இருக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும்:
        மொத்தம் = மொத்தம் + அளவு(உருப்படி)
    மொத்தத்தைத் திருப்பிக் கொடு

எத்தனை அடுக்கு என்ற கேள்வியே இதில் இல்லை. ஐந்தாவது வரியில் ‘அளவு’ தன்னையே கூப்பிடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. தமிழில் தற்சுழற்சி என்கிறார்கள், அலுவலகத்தில் ரிகர்ஷன்தான்.

‘கல்யாணம்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதில் 700 எம்பி வீடியோ ஒன்று, ‘நிச்சயதார்த்தம்’ என்ற ஃபோல்டர் ஒன்று. நிச்சயதார்த்தத்தில் 4, 6 எம்பியில் இரண்டு படங்கள், கூடவே ‘வாட்ஸ்அப்’ என்றொரு ஃபோல்டர். அதற்குள் 3 எம்பியில் ஒரே படம். கல்யாணத்தின் கணக்கு 700 வரை வந்து நிற்கிறது. நிச்சயதார்த்தத்தின் விடை தெரிந்தால்தான் நகரும். அங்கே 10 வரை கூட்டியாகிவிட்டது. வாட்ஸ்அப்பின் விடைக்காகக் காத்திருக்கிறது. அங்கிருந்து 3 வருகிறது. 10, 13 ஆகிறது. மேலே 700, 713 ஆகிறது. இதில் நான் ரசிப்பது அந்த ‘மொத்தம்’ என்ற பெயரை. மூன்று அடுக்கிலும் அதே பெயர், ஆனால் மூன்றும் வேறு வேறு பாத்திரங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் சிந்துவதில்லை.

அன்று எனக்கு இது பிடிபடவில்லை. ஒவ்வொரு அடுக்காக மனசுக்குள் இறங்கிப் பார்த்து, மூன்றாவதில் வழி தவறி, மறுபடி மேலே வந்துகொண்டிருந்தேன். “உள்ள எட்டிப் பாக்காதீங்க தம்பி. உங்க அடுக்க மட்டும் பாருங்க” என்றார் அண்ணன். கையில் இருப்பது கோப்பா, ஃபோல்டரா? கோப்பு என்றால் பதில் தெரியும். ஃபோல்டர் என்றால் உள்ளே இருப்பவை சரியான பதிலைத் தரும் என்று நம்பிக் கூட்டு. எழுதுபவர் செய்ய வேண்டியது இவ்வளவே.

பாடப்புத்தகங்கள் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. ரிகர்ஷன் என்றாலே ஃபேக்டோரியலைக் காட்டுவார்கள். அது நேர்கோட்டு வேலை, ஒரு லூப் போதும். அடுத்தது ஃபிபோனாச்சி, இன்னும் மோசம். அந்த வரிசையின் 40ஆவது எண்ணைப் பாடத்தில் உள்ளபடி கணக்கிட்டால், ஒரே ஃபங்ஷன் 33 கோடித் தடவைக்கு மேல் அழைக்கப்படும். லூப்பில் நாற்பது சுற்றுக்குள் முடியும். இதைப் படித்துவிட்டு வருகிறவர் ரிகர்ஷனை வித்தை என்றோ வீண் என்றோ நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. கிளை விட்டு, கிளைக்குள் கிளை விடும் தரவில்தான் அதற்கு உயிர்.

நிரல் மொழிகளில் ரிகர்ஷன் வேர்விட்ட இடமும் கிட்டத்தட்ட அதுதான். 1960இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை விளக்கி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ரிகர்ஷன் இருக்கிறது. லிஸ்ப்பில் பட்டியலின் உறுப்பு ஒரு தனிச் சொல்லாக இருக்கலாம், அல்லது இன்னொரு பட்டியலாக இருக்கலாம். தரவு இரண்டாகப் பிரிகிறது, ஃபங்ஷனும் அதே இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. அதே காலத்து ஃபோர்ட்ரானில் இது நடக்காது. ஒவ்வொரு ஃபங்ஷனின் மாறிகளுக்கும் நினைவகத்தில் ஒரே ஒரு நிலையான இடம். மூன்று ‘மொத்தம்’ வைக்க அங்கே அடுப்படி கிடையாது. ஃபோர்ட்ரானின் தர வரையறையில் ரிகர்ஷன் ஏறியது ஃபோர்ட்ரான் 90இல்தான். டோனி ஹோருக்கு குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறைக்கான யோசனை மாஸ்கோவில் படிக்கும்போதே உதித்தது. ஆனால் ரிகர்ஷனை அனுமதித்த அல்கால் 60 கைக்கு வந்த பிறகுதான் அதை அழகாக எழுத முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பாத்திரங்களை அடுக்க இடம் வேண்டும். அந்த அடுக்குக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். பைத்தான் வழக்கமாக 1000 அழைப்புகளுக்கு மேல் அடுக்க விடாது. பலர் இதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், தேவையில்லை. லட்சம் கோப்புகள் இருந்தாலும் ஃபோல்டர்கள் இருபது அடுக்கு ஆழம் என்றால் ஸ்டாக்கின் உயரமும் கிட்டத்தட்ட இருபதுதான். பயப்பட வேண்டியது தன் தாய் ஃபோல்டரையே சுட்டும் இணைப்புகளுக்கு. உள்ளே போனால் வெளியே வந்து நிற்கும், மறுபடி உள்ளே போகும், முடிவே இராது. பார்த்த ஃபோல்டர்களைக் குறித்து வைத்துக்கொள்வது ஒரு வழி. இணைப்பு என்றாலே தொடாமல் விடுவது எளிய வழி. அடுக்கடுக்கான தரவை எழுத்தாகவே வைக்கும் ஜேசானில் இந்தத் தொல்லை இல்லை, எழுத்தில் எழுதியது தன்னைத்தானே விழுங்க முடியாது.

எனக்கு மிகப் பிடித்த நுட்பத்தைக் கடைசிக்கு வைத்தேன். தன்னைக் கூப்பிடும் வரிக்கு மேலே ஒரு வேலையை வைத்தால், உள்ளே நுழையும்போது அது நடக்கும். கீழே வைத்தால் வெளியே வரும்போது நடக்கும். பெயரை அச்சிடும் வரி மேலே இருந்தால் கல்யாணம், நிச்சயதார்த்தம், வாட்ஸ்அப் என்று வரும். கீழே இறக்கினால் வாட்ஸ்அப் முதலில், கல்யாணம் கடைசியில். இடம் மாறியது ஒரே ஒரு வரிதான்.

இதையும் பட்டுத்தான் கற்றேன். ஒரு ஃபோல்டரை அதிலுள்ள எல்லாவற்றோடும் நீக்க ரிகர்ஷன் எழுதினேன், நீக்கும் கட்டளையை மேலே வைத்தேன். ஃபோல்டர் காலியாக இல்லை என்று கணினி மறுத்தது. நான்கு முறை ஓட்டினேன், நான்கு முறையும் அதே பதில். அண்ணன் எழுந்து வந்து, அந்த வரியை வெட்டி, இரண்டு வரி தள்ளிக் கீழே ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.