ருவான்வெல்லை வழக்கும் குடியரசு யாப்பும்

1972ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி இலங்கை தனக்குரிய அரசியல் யாப்பைத் தானே ஆக்கிக்கொண்டது. முந்திய சோல்பரி யாப்பு பிரித்தானிய முடியின் கட்டளையாற் பிறந்தது. குடியரசு யாப்போ கொழும்பு நவரங்கஹலவில் முதன்முதற் கூடிய அரசியல் நிர்ணய சபையின் ஆக்கம். இதனைப் போற்றுவோர் மக்களின் இறைமை மீண்டது என்பர். தமிழர் தரப்பின் கண்டனம் பெரும்பாலும், சிறுபான்மையோர்க்குக் காவலெனப்பட்ட 29ஆம் பிரிவு கைவிடப்பட்டமையையே சுட்டும். சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து இவ்விரு கூற்றுகளும் போதா.

ஓரினத்தார்க்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்பது 29ஆம் பிரிவின் விதி. அவ்விதி சோதனைக்குள்ளானது கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியிலாகும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரஜைகட்கே உரித்தாக்கிய 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்று நீக்கின. கோடகன்பிள்ளை என்பார் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அச்சட்டங்கள் செல்லாவெனக் கொண்டு அவர் பெயரைச் சேர்க்கப் பணித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அப்பணிப்பை நீக்கியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் நீதிமன்றத்தின் முடிவையே உறுதிசெய்தது.

கழகத்தின் நியாயம் ஆராயத்தக்கது. தன் பிரஜைகள் யாரெனத் தீர்மானித்தல் சட்டசபையின் இயல்பான பணி என்றது. இந்தியத் தமிழர் வந்து போகும் வழக்கமுடையோர்; அது பிரஜையாகும் தகுதியைப் பற்றியதேயன்றி அவர்தம் இனத்தைப் பற்றியதன்று என்றும் கூறிற்று. இலண்டனிலிருந்து நோக்கியோர்க்கு அவ்வாறு தோன்றியிருக்கலாம். நட்ட இரப்பர்க் கன்று பால்வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் செல்லும்; பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வெட்டலாம். ஒரே மலையில் நட்டு, வெட்டி, முதிர்ந்த மரத்தை வீழ்த்தி மீண்டும் நட்ட குடும்பத்தாரை வந்து போவோர் என்பது எங்ஙனம் பொருந்தும்? 1964இல், பிறிதொரு வழக்கில், இதே கழகம் 29ஆம் பிரிவை மாற்றவொண்ணாத உரிமைச் சமநிலையாகப் பாராட்டியது. தோட்டத்தார் இடாப்பினின்று நீங்கி அப்போதே பதினைந்து ஆண்டுகளாகியிருந்தன!

ஆகவே 1972இல் இடிக்கப்பட்ட சுவர் இவர்களுக்கு முன்னரும் நிழல் தந்ததன்று. யாப்பின் பெருங்குறை வேறிடத்திலுளது. அதனை ஆக்கிய சபையினர் 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் தெரிவானோர். அத்தேர்தலின் இடாப்போ 1949இற் கத்தரிக்கப்பட்டது. 1947 முதல் ருவான்வெல்லையைப் பிரதிநிதித்துவப்படுத்திய என். எம். பெரேரா பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர். யாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவும் அவ்வாறே எதிர்த்தவர். அன்று அவர்கள் எதிர்த்த சட்டத்தின் எல்லைக்கோடே, அவர்கள் அமைச்சர்களாயிருந்து நிறைவேற்றிய யாப்பில் 'மக்கள்' என்னும் சொல்லின் எல்லைக்கோடாயிற்று.

அடிப்படை உரிமைகளைக் கூறும் 18ஆம் பிரிவு இதனைத் தெளிவாகக் காட்டும். சட்டத்தின் முன் சமத்துவம் எல்லா ஆட்களுக்கும் உரியது. பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம் ஆகியன பிரஜைகட்கு மட்டுமே உரியன. தொழிற்சங்கமொன்றையே துணையாகக் கொண்ட தோட்டத் தொழிலாளியின் சங்க உரிமைக்கு நாட்டின் தலையாய சட்டம் உறுதியளிக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்து, எஞ்சியோரைப் பின்னைக்கு ஒதுக்கியிருந்தது. யாப்பு பிறந்தபோது அவ்வெஞ்சியோரின் பங்கீடும் முடியவில்லை.

கனடா 1982இல் தன் யாப்பின்மீது முழு அதிகாரம் பெற்றபோது அந்நாட்டுத் தொல்குடியினர் இலண்டன் நீதிமன்றஞ் சென்று தோற்றனர். ஆயினும் அவர்தம் உரிமைகள் புதிய யாப்பின் 35ஆம் பிரிவில் ஏற்கப்பட்டன. இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பும், பிறநாட்டுப் பிரஜையல்லாது இங்குச் சட்டப்படி நிலையாக வாழ்ந்தோர்க்குப் பேச்சு, சங்கம் முதலிய உரிமைகளைப் பத்தாண்டுகளுக்கேனும் நீட்டியது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை தொடர்ந்து தேவைப்பட்டது. 1978இல் எழுதப்பட்ட அவ்வோர் உட்பிரிவை 1972இல் எழுதத் தடையாயிருந்தது எதுவுமில்லை.