ஜிக்சா வகுப்பறை: எதற்காக வந்தது, இங்கே என்னவாக ஆனது

உயர்நிலை வகுப்புகளுக்கான 'படைப்பாற்றல் செயல்பாடுகள்' என்று யார் பட்டியல் போட்டாலும் மனவரைபடம், பாத்திரமேற்று நடித்தல், விநாடி வினா வரிசையில் ஜிக்சா என்ற பெயரும் இருக்கும். நான் போயிருந்த ஒரு பயிற்சியில் இதற்கு ஒதுக்கியது டீ இடைவேளைக்கு முந்தைய பத்து, பன்னிரண்டு நிமிடம். "பெரிய பாடத்தை ஒரே பீரியடில் முடிக்க நல்ல வழி" என்றார் பயிற்சி கொடுத்தவர். எல்லோரும் குறித்துக்கொண்டோம். நானும்தான்.

வகுப்பில் செய்து பார்த்தபோது சொதப்பிவிட்டது. ஏன் என்று தேடப் போய்த்தான் இது எதற்காக உருவானது என்பதே தெரிந்தது. பயிற்சியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முறையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பாடத்தை ஐந்து துண்டாக வெட்ட வேண்டும். ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து ஓரிடத்தில் கூடி, அதைப் பேசிப் புரிந்துகொள்வார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்ற நால்வருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் முழுப் பாடத்திலும் தேர்வு, தனித்தனியாக.

இதை உருவாக்கியவர் எலியட் ஆரன்சன் என்ற சமூக உளவியலாளர். இடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின், வருடம் 1971. அதுவரை தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்து தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். சண்டையும் அடிதடியும் ஓயவில்லை. ஆரன்சன் குழு வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தது. ஆசிரியர் கேள்வி கேட்கிறார். ஆறேழு பேர் கையைத் தூக்கிக்கொண்டு துடிக்கிறார்கள். மற்றவர்கள் ஆசிரியரின் பார்வைக்குத் தப்பித் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நமக்குத் தெரியாத காட்சியா என்ன? ஒருவன் தடுமாறினால் அடுத்தவனுக்கு வாய்ப்பு. ஏற்கெனவே ஒருவரை ஒருவர் பிடிக்காத பிள்ளைகளிடம் இந்தப் போட்டி வெறுப்பை வளர்க்காமல் என்ன செய்யும் என்பதுதான் அவர் கேள்வி.

ஆகவே, பக்கத்தில் இருப்பவன் வாயைத் திறந்தால்தான் எனக்குப் பாடம் கிடைக்கும் என்ற நிலையைக் கொண்டுவந்தார். இந்த முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. துண்டு ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும், வேறு எங்கும் கிடைக்கக் கூடாது.

இனி என் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் புவி புறச் செயல்முறைகள் பாடம். ஆறு, பனியாறு, காற்று, கடல் அலை, நிலத்தடி நீர் என்று வெட்டுவதற்கென்றே எழுதியதுபோல் ஐந்து துண்டு. 45 பேர், ஒன்பது குழு. கணக்கு அழகாக வந்தது. குழுவுக்குத் திரும்பிய பையன் டெல்டா எப்படி உருவாகிறது என்று சொல்லத் தொடங்கியதும், எதிரே இருந்தவன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டான்: "சார், இதுதான் புக்லயே இருக்கே. இவன் சொல்லி நான் எதுக்குக் கேக்கணும்?"

நியாயமான கேள்வி. அரசு தரும் இலவசப் பாடநூல் எல்லார் பையிலும் இருக்கிறது, பலரிடம் கைடும் இருக்கிறது. பாடநூல் பத்தியையே துண்டாகக் கொடுத்தால் யாருக்கு யார் தேவை? எழுந்து நடப்பது, கூடுவது, திரும்புவது எல்லாம் வெறும் சடங்கு. நம் பயிற்சிக் கையேடுகளின் முதல் கோளாறு இதுதான். எத்தனை நிமிடம், எத்தனை பேர், எப்படி நகர வேண்டும் என்று எல்லாம் எழுதுகிறார்கள். எது இல்லாவிட்டால் இது செத்துப்போகும் என்று எழுதுவதில்லை.

அடுத்த முறை புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, புத்தகத்தில் இல்லாததைக் கையால் எழுதிக் கொடுத்தேன். காற்றுக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சிவப்புத் தேரி மணல். கடல் அலைக்கு, சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும் வடக்கே கரை அரிக்கப்பட்டதும். நிலத்தடி நீருக்கு ஆந்திராவின் போரா குகைகள். ஆற்றுக்குக் காவிரி டெல்டா, பனியாற்றுக்குக் கங்கோத்ரி. எழுத இரண்டு மாலை ஆனது. 'எளிதில் எந்தப் பாடத்துக்கும் பொருத்தலாம்' என்று சொல்பவர்கள் இந்த இரண்டு மாலையைக் கணக்கில் எடுப்பதில்லை. எந்தப் பாடத்துக்கும் என்பதும் பொய். முதல் உலகப்போருக்கான காரணங்களை இப்படி வெட்டினால், ஒன்று இன்னொன்றுக்குக் காரணமான கதையே போய்விடும். கணக்கில் ஒரு நிரூபணத்தை ஐந்தாக வெட்டினால் ஐந்து பேருக்கும் புரியாது.

இரண்டாவது கோளாறு பெரியது. முதல் முறை நான் குழுவை பெஞ்சு வாரியாகப் பிரித்தேன், நேரம் மிச்சம் என்று. எங்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தெருப் பிள்ளைகள். நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பிரிந்து கிடந்த பிள்ளைகளைச் சேர்க்க ஒருவர் கண்டுபிடித்த முறையை, பிரிந்தபடியே வைத்து நடத்தியிருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டபின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை என்றெல்லாம் 2024இல் தந்த அறிக்கை பரிந்துரைத்தது. அகர வரிசை பக்கத்தில் உட்கார வைக்கும், சரி. உட்கார்ந்த பிறகு பேச என்ன இருக்கிறது? ஜிக்சா அந்தக் கேள்விக்கென்றே வந்த செயல்பாடு. அதை நாம் சிலபஸ் முடிக்கும் குறுக்குவழியாக வாங்கி வைத்திருக்கிறோம்.

மதிப்பெண் கூடும் என்று சொல்லி இதை விற்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்டின் வகுப்புகளில் சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதாக ஆரன்சன் குழு சொன்னது உண்மை. ஆனால் பிரான்ஸ் ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து சோதனைகள் நடத்தி 2022இல் வெளியிட்டதில், கற்றலில் எதிர்பார்த்த பெரிய பலன் தெரியவில்லை.

ஆரன்சனிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. கார்லோஸ் என்று ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பையனைப் பற்றி எழுதுகிறார். அவன் ஆங்கிலத்தில் தடுமாறுகிறான், குழுவில் கிண்டல் செய்கிறார்கள். 'கிண்டல் செய்யலாம், ஆனால் தேர்வில் அவன் பகுதியும் வரும்' என்று நினைவுபடுத்தியதும் பிள்ளைகள் மெல்ல நல்ல கேள்விகள் கேட்டு அவனிடமிருந்து பாடத்தை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். நல்ல கதைதான். ஆனாலும் மற்றவர்கள் திருந்தும்வரை அந்தக் கிண்டலைத் தாங்கியது கார்லோஸ். நம் வகுப்பில் அந்தப் பையன் யார், எத்தனை நாள் தாங்குவான் என்று யோசிக்காமல் நாளைக்கே இறங்கிவிடக் கூடாது. சொல்வதற்கு முன் சக நிபுணர்களோடு ஒத்திகை பார்க்கும் நேரத்தைத்தான் நாம் முதலில் வெட்டுகிறோம். அவனுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அது.

இப்போது வருகைப் பதிவேட்டு எண்ணை ஒன்றிலிருந்து ஒன்பது வரை திரும்பத் திரும்ப எண்ணிக் குழு பிரிக்கிறேன். முதல் வாரம் ஒரு குழுவில் இருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. தேர்வன்று அந்தக் குழுவின் பனியாற்றுப் பையன் வரவில்லை. மற்ற நான்கு பேர் தாளிலும் அந்தக் கேள்வி காலி. அடுத்த திங்கள்கிழமை துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து முடித்ததும், நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தவர்களில் ஒருவன் அவனைப் பார்த்துக் கேட்டான்: "நாளைக்கு டெஸ்ட்டுடா. லீவு கீவு போட்டுறாத, என்ன?"