'அணைக்கவும்' என்றால் போதுமா? லினக்ஸ் வழிகாட்டிகளில் ஒரு வினைச்சொல்

தமிழ்க் கணினி வழிகாட்டிகளை வகுப்பில் பயன்படுத்தும்போது கலைச்சொற்களை மட்டும் பார்க்காதீங்க, வினைச்சொற்களையும் பாருங்க. 'கெர்னல்' என்பதா 'கருநிரல்' என்பதா என்று வாதாடுகிறோம். ஆனால் கடைசி வரியில் 'கணினியை அணைக்கவும்' என்று வந்தால் கண்டுகொள்வதில்லை.

விளக்கை அணைக்கிறோம், அடுப்பை அணைக்கிறோம். 'அணை' ஒரு கணத்தில் முடியும் வினை. லினக்ஸ் அப்படி நிற்பதில்லை. நேரம் குறிப்பிடாமல் ஷட்டவுன் கட்டளை கொடுத்தால், சிஸ்டம்டி உள்ள கணினி ஒரு நிமிட அவகாசம் தந்து, உள்நுழைந்திருப்பவர்களுக்கு அறிவிக்கும். பிறகு இயங்கும் சேவைகளிடம் 'வேலையை முடித்துக்கொள்' என்று சொல்லும், இதுதான் சிக்டெர்ம். வழக்கமாக 90 விநாடி வரை காத்திருந்து, அடங்காதவற்றைச் சிக்கில் மூலம் வலுக்கட்டாயமாக நிறுத்தும். நினைவகத்தில் காத்திருக்கும் தரவை வட்டில் எழுதி, கோப்பு முறைமைகளை விடுவித்த பிறகே மின்சாரம் நிற்கும். நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் எழுதாத தரவு போயிடும். கோப்பு முறைமையும் பழுதாகலாம். 'அணைக்கவும்' என்று படித்த மாணவர் பிளக்கைப் பிடுங்கினால், தப்பு யார் மேல?

தொடங்கும்போது இந்த ஆபத்து குறைவு. பொத்தானை அழுத்தினால் யூஇஎப்ஐ, கிரப், கெர்னல், முதல் செயல்முறையான சிஸ்டம்டி, உள்நுழைவுத் திரை என மீதி தானாக நடக்கும். 'ஆன் பண்ணு' என்றாலும் நஷ்டமில்லை.

அப்படியானால் எந்தச் சொல்? மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் டோபி காட் நிலையத்தை நினைச்சுப் பாருங்க. கடைசி ரயில் போய், பயணிகள் வெளியேறிய பிறகுதான் கதவடைப்பு. அதை 'நிலையத்தை அணைத்தார்கள்' என்று யாரும் சொல்றதில்லை, 'மூடினார்கள்' என்போம். ஆனால் கணினியில் சாளரத்தையும் மூடுகிறோம், மடிக்கணினியின் மூடியையும் மூடுகிறோம். அதனால் அங்கே 'மூடு' குழப்பும். 'முறையாக நிறுத்தவும்' என்பதே என் தேர்வு. அதோடு படிகளையும் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, 'விடுவித்த பிறகு மின்சாரம் நிற்கும்', 'விடுவித்த பிறகே மின்சாரம் நிற்கும்' என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. முதலாவது வரிசையைச் சொல்கிறது. இரண்டாவது, அதற்கு முன் கூடாது என்று எச்சரிக்கிறது. அந்தப் பிரிநிலை ஏகாரத்தைச் செய்முறை விளக்கத்தில் விட்டுடாதீங்க.