ஓடையோரக் குட்டை

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஓடும் ஓடைக்கருகே வெட்டிய சிறு குட்டை எனக்கு மிகப் பிடித்த மண்வேலை. ஓடையை மறிக்காமல், சற்றுத் தள்ளி வெட்டுவதில்தான் நுட்பம். வெள்ளத்தில் ஒரு பங்கை மட்டும் வாய்க்கால் அழைத்து வரும். வாயிலில் உள்ள சிறு குழி வண்டலைப் பிடித்துக்கொள்ளும். மிகுந்த நீர் கல் பதித்த கலிங்கு வழியே ஓடைக்கே திரும்பும். பக்கங்களைச் சரிவாக வெட்டினால் கரை இடியாது. மேலே 10 மீட்டர், அடியில் 5.5 மீட்டர் சதுரம், ஆழம் 1.5 மீட்டர் என்றால் ஏறத்தாழ 90,000 லிட்டர் நிற்கும். ஈரம் பட்டதும் கரிசலின் வெடிப்புகள் மூடி, நீர் தங்கும். கோடையில் வாரும் வண்டல் வயலுக்கு உரம். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழூருக்கு விடும் இந்த நியாயம் எல்லா நீர்வேலைக்கும் வேண்டும்.