ஒரு ரூபாய்ப் படமும் கல்யாண ஆல்பமும்

புகைப்படக் கலையைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இரண்டு அலமாரிகள் உண்டு. ஒன்றில் போர், புயல், போராட்டம். மற்றதில் கல்யாணம், காதுகுத்து, விளம்பரம். முதலாவதை மனசாட்சி என்பார்கள், இரண்டாவதைப் பிழைப்பு என்பார்கள். முகூர்த்த நாட்களில் காரைக்கால் மண்டபங்களிலும் மற்ற நாட்களில் மீனவக் கிராமங்களிலும் கேமராவோடு நிற்கும் எனக்கு இந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. பெண்கள் விஷயத்தில் அறவே இல்லை.

ஹோமாய் வியாரவாலாவை (1913–2012) எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கத்தில் 'பம்பாய் கிரானிக்கிள்' அவருடைய படத்துக்குத் தலா ஒரு ரூபாய் கொடுத்தது. அக்காலப் படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில் வெளியாயின. 1942இல் டெல்லியில் பிரிட்டிஷ் தகவல் சேவையில் வேலைக்குச் சேர்ந்தார். காலனி அரசின் சம்பளம்தான். சேலை கட்டிக்கொண்டு, கேமராவைச் சுமந்து, டெல்லித் தெருக்களில் அவர் சைக்கிளில் போனதைக் கொண்டாடுகிறோம். அந்தச் சைக்கிளை ஓடவைத்த சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அது இல்லையென்றால் 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் கொடி ஏறியபோது அவர் அங்கே நின்றிருப்பாரா?

இன்னொரு படம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி எங்கள் கரையையும் அடித்தது. இரண்டு நாள் கழித்து, கடலூரில் ராய்ட்டர்ஸுக்காக அர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. மணலில் விழுந்து, கைகளை விரித்து அழும் ஒரு பெண். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. உடலைக் காட்டாமல் சாவைச் சொன்ன அந்தக் கட்டுப்பாட்டை மதிக்கிறேன். ஆனாலும் அது செய்தி நிறுவனம் ஒன்று உலகெங்கும் விற்ற படம். மனசாட்சி அலமாரியிலும் விலைச்சீட்டு உண்டு.

கல்யாணப் பெண் பிடிக்காத படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லலாம். கரையில் அழுகிறவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதற்காகக் கல்யாண வேலையை நான் புனிதமாக்கவில்லை. காசு கொடுப்பவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா. "கொஞ்சம் கலராக் காட்டுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லும்போது அவளிடம் யாரும் கேட்பதில்லை. அவளுடைய நிறத்தை வெளுக்கும் அந்த வேலை, துயரத்தை விற்பதைவிடச் சுத்தமானதல்ல.

எங்கள் ஊர் அம்மையார் அழகுடம்பை உதறிப் பேயுருவைக் கேட்டுப் பெற்றவர் என்கிறது புராணம். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தவர். மாங்கனித் திருவிழாவில் அவருடைய திருக்கல்யாணத்தைப் படமெடுக்க எங்களிடையே நெருக்கியடி. அந்த மறுப்பைப் படமெடுக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

வியாரவாலாவும் மறுத்தவர்தான். புதிதாக வந்த சக புகைப்படக்காரர்களின் நடத்தை பிடிக்காமல் 1970இல் தொழிலையே விட்டார். ஆகவே, படங்களை மதிப்பிடக் கற்கும் மாணவிகளுக்கு ஒரு யோசனை. எந்த அலமாரியிலிருந்து வந்த படம் என்று பார்க்காதீர்கள். எடுத்தவளுக்குப் பெயரும் கூலியும் கிடைத்தனவா, படத்தில் இருப்பவளால் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா என்று கேளுங்கள். கல்யாண ஆல்பத்தையும் விருதுப் படத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கேளுங்கள்.