வெற்றிடம் விட்ட உருண்டை

1961-இல் சோவியத் ஒன்றியம் வெளியிட்ட நிலவு உருண்டையைப் புகழ்பவர்கள், மறுபக்கத்தைக் காட்டிய முதல் உருண்டை என்றே புகழ்கிறார்கள். அது சரிதான். ஆனால் அதன் மதிப்பு, காட்டியதைவிடக் காட்டாமல் விட்டதில்தான் கூடுதலாக இருக்கிறது.

1959 அக்டோபர் 7 அன்று சோவியத் விண்கலம் லூனா 3 நிலவுக்கு 60,000 கிலோமீட்டருக்கும் அப்பால் நின்று 29 படங்கள் எடுத்தது. ஃபிலிம் கலத்துக்குள்ளேயே கழுவப்பட்டு, ஸ்கேன் செய்யப்பட்டு, படங்கள் வானொலி அலையில் பூமிக்கு வந்தன. மங்கலான அந்தப் படங்களில் மறுபக்கத்தின் சுமார் 70 விழுக்காடு அடங்கியது. எஞ்சிய பகுதியை உருண்டையில் ஊகத்தால் நிரப்பியிருந்தால் அன்று மறுத்துப் பேச ஒருவராலும் முடிந்திராது. நிரப்பவில்லை, வெறுமையாக விட்டார்கள். 1797-இல் ஓவியர் ஜான் ரஸ்ஸல் செய்த உருண்டையிலும் மறுபக்கம் வெறுமைதான். ஆனால் ரஸ்ஸலிடம் ஊகிக்க ஒரு தடயமும் இல்லை. அரைகுறைச் சான்று கையில் இருக்கும்போது அடங்கியிருப்பதுதான் கடினம்.

அந்த அடக்கம் எல்லா இடத்திலும் நீடிக்கவில்லை. படத்தில் நீண்டு கிடந்த ஒரு வெளிர்ப் பட்டைக்குச் 'சோவியத் மலைத்தொடர்' என்று பெயரிட்டார்கள். பின்னர் வந்த தெளிவான படங்களில் அங்கே மலையே இல்லை. பள்ளங்களிலிருந்து சிதறிய கதிர்க்கோடுகளே இருந்தன. பெயரும் நீக்கப்பட்டது. படம் மங்கல் என்பதை இதற்குச் சமாதானமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. படம் எடுத்தபோது சூரியன் கலத்தின் முதுகுப் பக்கம் இருந்தது. நிலவில் நிழல் விழவில்லை. நிலவில் ஒளியும் நிழலும் விழும் விதத்தைக் கொண்டே மலை உயரத்தைக் கணிக்க முடியும் என்பது கலிலியோ காலத்துப் பாடம். நிழலற்ற படம் கருமை, வெண்மையைச் சொல்லும். மேடு பள்ளத்தைச் சொல்லாது. அதனால்தான் கருமையை வைத்து அடையாளம் கண்ட மாஸ்கோ கடலும் த்சியோல்கோவ்ஸ்கி பள்ளமும் இன்றும் வரைபடத்தில் நிற்கின்றன, மலைத்தொடர் நிற்கவில்லை.

என் தீர்ப்பு இது: காணாததைக் காணவில்லை என்று சொன்னதில் அந்த உருண்டை முன்மாதிரி, மங்கலாகக் கண்டதை உறுதியாகச் சொன்னதில் தவறியது. இரண்டில் முன்னதே கனமானது. ஏனெனில் 1965-இல் சோவியத் விண்கலம் ஸோண்ட் 3 எதைப் படமெடுக்க வேண்டும் என்பதை அந்த வெற்றிடமே காட்டியது.

சந்திரயான்-1 ஐந்து மீட்டர் நுணுக்கத்தில் நிலவைப் படமெடுத்த பிறகு வெற்றிடத்துக்கு இடமில்லைதான். ஆனாலும் திருவேங்கடம் வட்டாரப் பள்ளிகளுக்கு நிலவு உருண்டை வாங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதியதன் அருகில் 1961 உருண்டையின் படத்தையும் ஒட்டி வையுங்கள். அந்த வெற்றிடத்தையும் இல்லாத மலையையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.